நல்லரத்தினத்துக்கு ஒரு பங்கு

"நல்லரத்தினம்!" என்று உதயரூபன் கூப்பிட்டான்.

"இந்தா!" என்றாள் கேதீஸ்வரி.

செத்துப்போன மனிதனுக்காகக் கொடுத்த குரல் என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. கல்குடாக் கரையில் காற்றை எதிர்த்து மீன் விலை கூவிப் பழகிய தொண்டை அது. தோணியின் பழைய பாய்ச்சீலை ஒன்றை மணலில் விரித்து, அன்றைய ஆட்டத்தின் டிக்கெட் காசைச் சின்னச் சின்னக் கூறுகளாக வைத்திருந்தார்கள். காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு கூறின் மேலும் ஒரு சிப்பி. கேதீஸ்வரி எழுந்து போய்த் தன் புருசனின் கூறை எடுத்து, சிப்பியைத் திரும்பச் சீலையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் காசை முடிந்துகொண்டாள். அடுத்து "பக்கீர்!" என்றான் உதயரூபன். அவன் பெண்சாதி நபீஸா "இந்தா!" என்றாள். "தவசீலன்!" என்றதும் அவனுடைய தாய் அன்னப்பூரணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அதற்குப் பிறகுதான் உயிரோடு இருப்பவர்களின் முறை வந்தது.

கடலோசை விளையாட்டுக் கழகத்தில் யாரும் சம்பளத்துக்கு ஆடியதில்லை. கரைவலை இழுத்து முடித்ததும் மீனைக் கூறு போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் அல்லவா, அதே முறைதான் பந்தாட்டத்துக்கும். இரண்டிலும் பெயர் கூப்பிடுகிறவன் கழகத் தலைவன் உதயரூபன். கடலுக்குப் போகாமல் விளையாட வந்தவனுக்கு அன்றைய உழைப்பு போய்விடும், அதை ஈடுகட்ட ஒரு பங்கு. கோல் போட்டவனுக்கும் வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்தவனுக்கும் ஒரே அளவு. பங்கு கூப்பிடும்போது அண்ணன், தம்பி, ஐயா என்ற மரியாதையெல்லாம் கிடையாது. வெறும் பெயர்தான். பெயருக்குரியவர் "இந்தா" என்று சொல்லி எடுக்க வேண்டும். வீட்டில் மாமனாரின் பெயரை வாயால் சொல்லாத மருமகன்கூட இந்தச் சீலைக்கு முன்னால் நின்றால் உரக்கக் கூப்பிடுவான்.

கடலில் உயிர் போனவனின் பங்கு ஒரு வருஷத்துக்கு அவன் பெயரிலேயே விழும், அதன் பிறகு நிற்பாட்டிவிடுவார்கள் என்பதும் இந்தக் கரையின் வழக்கம். ஆனால் சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்று பேரும் மீன் பிடிக்கப் போகவில்லை. கடற்கரை மைதானத்தில் பயிற்சிக்குப் போனவர்கள். நல்லரத்தினம் கோல் காப்பாளன். வருஷம் திரும்பியபோது பங்கை நிற்பாட்டச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. அப்புறம் சண்டை கிழக்கை உலுக்கியது, ஊர் கலைந்தது, திரும்பியது, சண்டையும் ஒருவழியாக முடிந்தது. அப்போதும் பெயர்கள் நிற்கவில்லை. நல்லரத்தினத்தின் மகன் நிதுர்ஷனுக்கு மீசை முளைத்து, அவனே கடலோசையின் முன்கள ஆட்டக்காரன் ஆகிவிட்டான். அவன் பங்கைக் கூப்பிடுவதற்கு முன் அவன் அப்பாவின் பங்கைக் கூப்பிடுவார்கள். கேதீஸ்வரிக்கு அந்தக் காசு வேண்டாதது அல்ல, அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஆகும். ஆனால் காசு மட்டும் என்றால் அவள் அதை மகனிடம் எடுத்து வரச் சொல்லியிருப்பாள். அந்தப் பெயரை இத்தனை பேர் நடுவில் ஒருவன் சத்தமாகக் கூப்பிடுகிறான், அதற்குப் பதில் சொல்ல இன்னும் ஒருத்தி இருக்கிறாள் என்பதற்காகத்தான் அவள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மீன் கூடையை நேரத்தோடு கவிழ்த்துவிட்டு வந்தாள்.

அன்றைக்குப் பங்கு முடியும்வரை ஒரு மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். மட்டக்களப்பு டவுனில் கராஜ் வைத்திருக்கும் மல்கம். பறங்கியர். வாவிக்கரைப் பந்தாட்ட லீக்கின் செயலாளர். டச்பார் கடற்கரையில் இருந்த வீட்டையும் மனைவி மேர்டிலையும் அதே அலைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சக் காலத்தை லீக்குக்கு எழுதிக்கொடுத்தவர். நேர்மை என்றால் அவருக்குத் தண்ணீர்மட்டம் வைத்துப் பார்க்கிற சமாச்சாரம், ஒரு நூல் சாய்ந்தாலும் விடமாட்டார்.

"உதயரூபன், முதல்ல கூப்பிட்ட மூணு பேரும் ஆரு?"

"எங்கட பிளேயர்மார்தான் சேர்."

"அவங்க செத்துப் போனவங்க."

"ஓம் சேர். எண்டாலும் பங்கு போகும்."

"ஆர்ர கைக்குப் போகுது?"

உதயரூபன் திரும்பிக் கேதீஸ்வரியின் சேலைத் தலைப்பு முடிச்சைப் பார்த்தான். மல்கம் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த முறைப்பாட்டுத் தாளை எடுக்காமல், தன் வாயாலேயே விஷயத்தைச் சொன்னார். றைசிங் சன் கழகம் லீக்குக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறது. கடலோசை சம்பள உச்சவரம்பை மீறுகிறதாம். நிதுர்ஷனின் வீட்டுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பங்கு. பக்கீரின் பெண்சாதி நபீஸா இப்போதைய கோல் காப்பாளன் மஜீட்டின் கூடப்பிறந்த ராத்தா, தவசீலனின் தம்பி பின்களத்தில் நிற்கிறான், அந்த வீடுகளுக்கும் இரண்டு பங்கு. றைசிங் சன்னோடு ஆடப்போகும் இறுதி ஆட்டத்திலும் இது நடந்தால் புள்ளிகள் வெட்டப்படும். ஆட்டத்தில் என்ன நடந்தாலும் றைசிங் சன்தான் முதலாம் பிரிவுக்குப் போகும்.

கேதீஸ்வரிக்கு உச்சந்தலையில் அடித்தது மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்தச் சட்டத்தை லீக்கிடம் கேட்டு வாங்கியதே கடலோசைதான்.

கதை இதுதான். சண்டை முடிந்ததும் ஊரெல்லாம் றோட்டுப் போட்டார்கள். றோட்டுக்கு மணலும் கல்லும் கொடுத்த யோகராசாவுக்கு ஒரே வருஷத்தில் காசு வெள்ளம் புரண்டது. அவருக்குப் பந்தாட்டத்தில் உண்மையான பைத்தியம், அதைக் குறை சொல்ல முடியாது. றைசிங் சன்னை வாங்கினார். கொழும்பிலிருந்து ஆட்டக்காரர்களை இறக்கினார், சின்னக் கழகங்களின் நல்ல பொடியன்களை ஒவ்வொருவராகத் தூக்கினார், கடலோசையிலிருந்தும் இரண்டு பேர் போனார்கள். இப்படியே போனால் வாவிக்கரை லீக்கில் ஒரே ஒரு கழகமும், நின்று பார்த்துக் கைதட்டும் கூட்டமும்தான் மிஞ்சும் என்று சின்னக் கழகங்கள் எல்லாம் கூடி, ஒரு ஆட்டக்காரனுக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு கேட்டார்கள். கடலோசை அந்தக் கூட்டத்துக்குப் போகும் முன் கரையிலுள்ள மீன் வாடியில் கூடிப் பேசியபோது, யோகராசா ஒரு பொடியனைப் பிடிக்க அவன் தமையனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்த கதை வந்தது. அப்போது வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த கேதீஸ்வரிதான் சொன்னாள்: "வீட்டுக்குக் குடுத்தாலும் பொடியனுக்குக் குடுத்த மாதிரித்தானே. அதையும் சட்டத்தில போடச் சொல்லுங்க." எல்லோரும் அவள் கெட்டித்தனத்தை மெச்சினார்கள். உதயரூபன் அதை அப்படியே லீக்கில் சொல்ல, மல்கம் அப்படியே எழுதினார்.

அப்போது ஒருவருக்காவது நல்லரத்தினத்தின் பங்கு நினைவுக்கு வந்ததா? வரவில்லை. ஊரை ஏமாற்ற நினைத்து மறைத்தார்கள் என்றால் அது பெரும் பொய். அந்தப் பங்கு ஒரு வீட்டுக்குப் போகிறது என்றே அவர்களுக்குத் தோன்றியதில்லை. அது நல்லரத்தினத்துக்குப் போவது. கேதீஸ்வரி எடுத்துக்கொண்டு போகிறவள், அவ்வளவுதான்.

"யோகராசா பொறாமையில எழுதினதுதானே சேர் இது," என்றான் நிதுர்ஷன்.

"பொறாமையில எழுதினாலும் எழுதினது மெய்தானே மனே," என்றார் மல்கம். "நான் எழுதின சட்டத்த நானே வளைச்சா, மறுகா அந்தாள நான் எப்படிக் கட்டிப்போடுறது?"

மனிதர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம் வாடியில் கூட்டம். கூட்டம் என்று பெயர், ஆளாளுக்கு யோகராசாவை வைதார்கள். வைது அலுத்த பிறகு உதயரூபன் ஒரு யோசனை சொன்னான். இறுதி ஆட்டத்துக்குப் பொடியன்கள் ஒருவரும் பங்கு எடுக்க வேண்டாம், மூன்று பேரின் பங்கு மட்டும் விழட்டும், அப்போது எந்த வீட்டுக்கும் இரட்டைப் பங்கு இல்லை. பொடியன்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். நிதுர்ஷன் முதலில் ஆட்டினான். கேதீஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விசரா உங்களுக்கு? கடலையும் விட்டுப்போட்டு வந்து காலை உடைச்சு விளையாடுற நீங்க வெறுங்கையோட போறது, வீட்டில குந்தியிருக்கிற நாங்க வாங்கித் திங்கிறதோ? அவர் இருந்திருந்தா உங்கட முதுகில நாலு போட்டிருப்பார்."

"அப்ப என்னக்கா செய்யிற? பேர வெட்டவா?" என்றான் உதயரூபன்.

வெட்டு என்று சொல்ல அவளால் முடியவில்லை. அன்னப்பூரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நபீஸா மட்டும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "படைச்சவன் ஒரு வழி வச்சிருப்பான் புள்ள, நீ அழுது தொலையாத" என்றாள். கேதீஸ்வரி அழவில்லை. அழுதாள் என்று நபீஸா இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிவது வேறு கதை.

வழி விடிந்த பிறகு வந்தது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத உருவத்தில். கேதீஸ்வரி மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தாள். கரைவலை பாதி ஏறியிருந்தது. இரண்டு பக்கமும் கயிற்றை இடுப்பில் கொளுவி ஆட்கள் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அன்று தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று, வலை கனத்தது. காவலரணில் இருந்து இறங்கி வந்த ஆமிப் பொடியன் ஒருவன், நிதுர்ஷனின் வயதுதான் இருக்கும், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். துவக்கைத் தன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து கயிற்றில் கை வைத்தான். இழுக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன வருஷம்வரை இதே உடுப்பைக் கண்டால் இந்தக் கரையில் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. போ என்றும் சொல்ல முடியாது, வா என்றும் சொல்ல மனமில்லை. ஆனால் வலைக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. கனத்தது. பொடியன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வலையின் மடி கரையேறியபோது முழங்கால்வரை நனைந்து சிரித்துக்கொண்டு நின்றான்.

கூறு போட்டார்கள். பெயர்களைக் கூப்பிட்டு முடித்த பிறகு ஒரு கூறு சூடை மீன் மிச்சம் கிடந்தது. உதயரூபன் ஒரு கணம் அதைப் பார்த்தான். பிறகு அள்ளிக்கொண்டு போய் அந்தப் பொடியனுக்கு முன்னால் நீட்டினான். பொடியன் தன் நெஞ்சைத் தொட்டு, எனக்கா என்று சைகையால் கேட்டான்.

"கயித்தில கை வச்சனிதானே. எடு," என்றான் உதயரூபன், அவனுக்குத் தமிழ் விளங்காது என்று தெரிந்தும்.

பொடியன் தொப்பியைக் கழற்றி அதில் மீனை வாங்கிக்கொண்டான். கரையில் நின்ற எல்லோரும் அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். கேதீஸ்வரி சிரிக்கவில்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டு வாழைச்சேனைச் சந்திக்கு நடந்து, டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

மல்கம் தன் கராஜில் ஒரு வான் வண்டிக்கு அடியில் கிடந்தார். அவள் வந்திருப்பதைக் கேட்டு முதலில் கால்கள் அசைந்தன, பிறகு எஞ்சின் ஒயில் பூசிய முகம் வெளியே வந்தது.

"தங்கச்சி, மன்றாட வந்தா பிரயோசனமில்ல. எனக்கு இது சந்தோசமெண்டு நினைக்காதீங்க."

"மன்றாட வரல்ல சேர். ஒண்டு கேக்க வந்தன். அந்தச் சட்டம் விளையாடுற ஆக்களுக்குத்தானே? கோடு போடுறவன், வலை கட்டுறவன், வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவனுக்கு என்ன வரம்பு?"

"அவங்களுக்கு வரம்பு இல்ல. அது வேலைக் கூலி. மைதானக்காரர் குடுக்கிறது."

"இறுதி ஆட்டம் எங்கட மைதானத்திலதானே?"

மல்கம் எழுந்து உட்கார்ந்தார். துணியால் கையைத் துடைத்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்பதை அவர் முகம் காட்டாமல் இருக்கப் பாடுபட்டது.

"வேலை பொய்யா இரிந்தா வெட்டுவன். பேருக்கு ஆள நிப்பாட்டிக் காசு குடுக்கிற விளையாட்ட யோகராசாவும் செய்யலாம், நீங்களும் செய்யலாம். நான் அண்டைக்கு வெள்ளனயே வந்து நிப்பன். கோடு கோணினா திரும்பப் போட வைப்பன்."

"வாங்க. வந்து பாருங்க." அவள் எழும்பினாள். வாசல்வரை போய் நின்றாள். "இன்னொண்டு சேர். காசு இல்லாம பேர மட்டும் கூப்பிட்டா, அதுக்கும் சட்டத்தில ஏதும் கிடக்கா?"

சுவரில் ஒரு பழைய காலண்டருக்குப் பக்கத்தில் மனைவி மேர்டிலின் படம் மாட்டியிருந்தது. மல்கம் அதைப் பார்க்கவில்லை, வண்டியின் சக்கரத்தைத்தான் பார்த்தார்.

"பேருக்கு வரம்பு இல்ல தங்கச்சி," என்றார்.

இறுதி ஆட்டத்தன்று கல்குடா மைதானத்தில் பெண்கள் வேலைக்கு நிற்கிறார்கள் என்ற செய்தி ஆட்டத்தைவிடப் பெரிய கூட்டத்தைக் கொண்டுவந்தது. சும்மா சொல்லக்கூடாது, வேலை வேலையாகத்தான் நடந்தது. நபீஸா கோல் கம்பத்து வலையைக் கழற்றி இறக்கி, கடைசிக் கண்வரை பொத்தலைத் தேடித் தைத்தாள். போன மாதம் ஒரு நல்ல கோல் அந்தப் பொத்தலால் வெளியே போய், கோல் இல்லை என்று தீர்ப்பான வயிற்றெரிச்சல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அன்னப்பூரணியை வாசலில் நிறுத்தினார்கள். இடுப்பு வலிக்காரிக்குக் கதிரை ஒன்று போட்டார்கள், அவள் அதில் உட்காரவே இல்லை. மதில் ஏறிக் குதிக்க வந்த பொடியன்களைப் பேர் சொல்லி, தகப்பன் பேர் சொல்லி, தகப்பன் வைத்திருக்கும் கடன் சொல்லி இறக்கினாள்.

கேதீஸ்வரி சுண்ணாம்பு வாளியும் கயிறுமாகக் கோடு போட்டாள். பக்கக் கோடுகள் அழகாக வந்தன. பெனால்டிப் புள்ளியில்தான் வழுக்கினாள். நல்லரத்தினம் கோல் கம்பத்திலிருந்து எத்தனை எட்டு வைத்து அந்தப் புள்ளியைத் தொடுவான் என்பது அவளுக்குப் பாடம். கலியாணம் முடித்த புதிதில் கடற்கரையில் அவளை நிறுத்திவைத்து எண்ணிக் காட்டியிருக்கிறான். அவள் அதே கணக்கில் எட்டு வைத்துப் போய்ப் புள்ளி போட்டுவிட்டு, நிமிர்ந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். மல்கம் அளவு நாடாவைப் போட்டார். பார்த்தார். திரும்பவும் போட்டார்.

"தங்கச்சி, இதில இரிந்து அடிச்சா கண்ணை மூடிக்கொண்டு கோல் போடலாம். நல்லா உள்ளுக்கு வந்திட்டு."

"இல்ல சேர், இவ்வளவு எட்டுத்தான். எனக்குத் தெரியும்."

"ஆர்ர எட்டு?"

கேதீஸ்வரி தன் காலைப் பார்த்தாள். நல்லரத்தினம் பனை உயரம், எட்டும் அதற்கு ஏற்ற மாதிரி. இத்தனை வருஷமும் அந்தக் கணக்கைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவளுக்கு, அவன் காலின் நீளத்தைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாய்விட்டுச் சிரித்தாள். அவனை நினைத்து அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம். மல்கம் சிரிக்காமல், தப்பான புள்ளியின் மேல் மண் போட்டு மூடச் சொன்னார். அவள் மூடினாள். நாடா காட்டிய இடத்தில் புதிதாகப் போட்டாள்.

யோகராசா தன் ஜீப்பில் வந்து இறங்கி நேரே உள்ளே நடந்தார். அன்னப்பூரணி குறுக்கே கையை நீட்டினாள்.

"டிக்கெட்."

"நான் றைசிங் சன் முதலாளி, ஆச்சி."

"ஓம், தெரியும். நீதி எண்டா எல்லாருக்கும் ஒண்டுதானே? நீங்கதானே முறைப்பாட்டில சொன்ன."

பின்னால் நின்ற கூட்டம் ஊ என்று கூவியது. யோகராசா முகம் சிவந்தார். ஆனால் மனிதரிடம் ஒரு நல்ல குணம், தன்னைப் பார்த்துப் பிறர் சிரிக்கும்போது தானும் கடைசியில் சிரித்துவிடுவார். காசை எடுத்துக் கொடுத்து, கிழித்த துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே றைசிங் சன் ஒரு கோல் போட்டுவிட்டது. கொழும்புப் பொடியன் ஒருவன் மூன்று பேரை விழுத்திவிட்டு அடித்தான், நல்ல கோல், கல்குடாக்காரர்களே வாயைப் பிளந்தார்கள். பாதி ஆட்டம்வரை கடலோசை பந்தைத் துரத்திக்கொண்டே இருந்தது. இடைவேளையில் மழை ஒரு தூறல் தூறிப் போனது. கேதீஸ்வரி வாளியை எடுத்துக்கொண்டு ஓடி, மங்கிய கோடுகளின் மேல் திரும்பப் போட்டாள். கோல் கம்பங்களுக்கு நடுவே வந்தபோது குனிந்தபடியே ஒரு கணம் நின்றாள். கம்பங்களுக்கு இடையில் புல் முளைக்காத ஒரு பள்ளம் இருந்தது, கோல் காப்பாளர்கள் நின்று நின்று தேய்ந்த இடம். அதில் அவனுடைய காலும் பட்டிருக்கும். அவள் அதன் மேல் நேராக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனாள். மல்கம் தூரத்திலிருந்து பார்த்தார், அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

இரண்டாம் பாதியில் நிதுர்ஷன் தலையால் முட்டிச் சமன் செய்தான். மைதானம் பைத்தியம் பிடித்த மாதிரி ஆனது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் கடலோசையின் பின்கள ஆட்டக்காரன் கொழும்புப் பொடியனைப் பெட்டிக்குள் விழுத்திவிட்டான். விசில். பெனால்டி. சந்தேகமே இல்லை, விழுத்தியவனே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பந்தை எடுத்து வந்து கேதீஸ்வரி போட்ட புள்ளியில் வைத்தார்கள். முதல் போட்ட புள்ளியில் இருந்திருந்தால் மஜீட்டின் கதி என்ன என்று அவள் நினைத்துப் பார்த்தாள். நபீஸா அவள் கையை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது. கொழும்புப் பொடியன் ஓடி வந்தான். மஜீட் கோட்டின் மேலேயே நின்றான், கடைசிவரை அசையவில்லை, பிறகு இடப்பக்கம் விழுந்தான். பந்து அவன் கையில் பட்டு, கம்பத்தில் பட்டு, களத்துக்குள்ளேயே தெறித்தது. அதைத் தவசீலனின் தம்பி எடுத்து ஒரே உதையில் நடுக்கோட்டுக்கு அனுப்பினான். கோட்டுக்கு இப்பால் நிதுர்ஷன் தனியாக நின்றான்.

அவன் ஓடியதை இந்தக் கரை இன்னும் பேசுகிறது. அப்பனைப் போல எட்டு வைத்தான். கேதீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். வலை விம்மிய சத்தம்தான் அவளுக்குக் கேட்டது. பந்து நபீஸா தைத்த இடத்திலேயே போய் இடித்து, அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. "பார்த்தயா புள்ள! நிண்டுது பார்த்தயா!" என்று நபீஸா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கோலைவிட வலை தாங்கியதுதான் அவளுக்குப் பெருமை.

கடலோசை முதலாம் பிரிவுக்குப் போனது. யோகராசா களத்துக்குள் வந்து உதயரூபனுக்குக் கை கொடுத்தார். "நான் முறைப்பாடு குடுத்தது பிழையெண்டு நினைக்கல்ல. இப்பவும் நினைக்கல்ல," என்றார். "நினைக்காதீங்க முதலாளி," என்றான் உதயரூபன். "அந்தச் சட்டம் இல்லாட்டி நீங்க நிதுர்ஷனையும் வாங்கியிருப்பீங்கதானே." யோகராசா இல்லை என்று சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்தபோது கரையில் பாய்ச்சீலை விரிந்தது. அன்றைக்குச் சுற்றி நின்ற கூட்டம் திருவிழாக் கூட்டம். ஊரார் மட்டுமல்ல, ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று பக்கத்து ஊர் ஆட்கள், றைசிங் சன் பொடியன்கள், அந்தக் கொழும்புக்காரன்கூட. கூறுகளின் மேல் சிப்பிகள் இருந்தன. மல்கம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றார்.

உதயரூபன் தொண்டையைச் செருமினான். "நல்லரத்தினம்!"

"இந்தா!"

கேதீஸ்வரி கூறெடுக்கப் போகவில்லை. சீலையில் அவன் பெயருக்குக் கூறு இல்லை. கேட்ட இடத்திலேயே நிமிர்ந்து நின்று குரல் கொடுத்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் கூட்டத்தைத் தாண்டி, நின்ற தோணிகளைத் தாண்டிப் போனது. பக்கீருக்கு நபீஸா சொன்னாள். தவசீலனுக்கு அன்னப்பூரணி சொன்னாள். மல்கம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் பலர் கண்டார்கள்.

அதன் பிறகு கோடு போட்டவளின் கூலிக்கு முறை வந்தது, உதயரூபன் சற்றுத் தடுமாறினான். பிறந்ததிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட்டவன். பங்குச் சீலைக்கு முன்னால் அக்கா என்று கிடையாது. மூச்சை இழுத்துக்கொண்டு, முகத்தைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டு, சத்தமாகக் கூப்பிட்டான்.

"கேதீஸ்வரி!"

இத்தனை வருஷமும் இன்னொருவருக்காக இந்தா சொல்லிப் பழகியவளுக்குத் தன் பெயர் காதில் விழுந்து உறைக்க நேரம் எடுத்தது. அவளை இப்படி வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆண்பிள்ளை ஒருவன்தான், அவனும் போய்விட்டான். கூட்டம் திரும்பி அவளைப் பார்த்தது. நிதுர்ஷன் கால் முட்டியில் இரத்தத்தோடு எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். "உன்னத்தான் புள்ள," என்று நபீஸா முழங்கையால் இடித்தாள்.

கேதீஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சீலைக்கு நடந்தாள். குனிந்து சிப்பியை எடுத்தாள். சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்த அந்தக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். தாழ்ந்த வெயிலில் முழங்கைவரை வெள்ளையாக அது அப்படியே நின்றது.